அடுத்தவர் லைனில் நெட் பார்ப்பவர்களுக்கு எச்டிடிபிஎஸ் என்ன செய்தது? (வடசென்னை அனுபவங்கள்)

தண்டையார்பேட்டை_நெட்சென்டர் | சனி, இரவு 9.40

வணக்கம். இணையம் முழுக்க எச்டிடிபிஎஸ் (பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) ஆகிவிட்டதைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு நேராக வங்கி, கிரெடிட் கார்டு, ஆன்லைன் கடை என்று போய்விடுகிறது. நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். வீட்டில் சொந்த லைன், சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்களை விட, அடுத்தவர் லைனில் அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்து நெட் பார்ப்பவர்களுக்குத்தான் இது பெரிய காவல். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இப்போது வருகிறவர்கள் கேட்பது எல்லாம் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஸ்மார்ட் கார்டில் பெயர் சேர்ப்பது, கரண்ட் பில், சாதிச் சான்றிதழ்தான். ஆரம்ப காலத்தில் என்னிடம் நல்ல ஸ்விட்ச் (தகவலை உரிய மெஷினுக்கு மட்டும் அனுப்பும் பெட்டி) கூட கிடையாது, பழைய ஹப் ஒன்றுதான். ஹப்பில் ஒரு மெஷினுக்கு வரும் தகவல் எல்லா மெஷினுக்கும் போகும். ஒரு காலேஜ் தம்பி ஒருநாள் வயர்ஷார்க் என்ற மென்பொருளை, கம்பியில் போகும் தகவலைக் காட்டுவது, போட்டுக் காட்டினான். அடுத்த மெஷினில் ஒரு அம்மா மகனுக்காக வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு செய்துகொண்டிருந்தார். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் இவன் திரையில் வரிவரியாக வந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது வெறும் புள்ளிகள். கம்பியில் போனது முழு எழுத்து.

அந்தத் தம்பி நல்லவன், காட்டிவிட்டு மூடிவிட்டான். அதே இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தால்? இன்றைக்கு அதே வயர்ஷார்க்கைப் போட்டால் தளத்தின் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்த மாற்றத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். இன்னும் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

---

ராயபுரம்_சேது | சனி, இரவு 10.15

அண்ணே, நல்ல இழை. எங்கள் குவார்ட்டர்ஸ் கதையும் இதேதான். மாடிப்படிக்கு மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு நீல ஒயர். கேபிள் நெட் என்று பெயர், உண்மையில் பிளாக் முழுக்க ஒரே லேன், அதாவது ஒரே உள் நெட்வொர்க். விண்டோஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் மூன்றாம் மாடி வீட்டின் பாட்டு ஃபோல்டர் வரைக்கும் தெரியும். ஹப் போய் ஸ்விட்ச் வந்த பிறகும், ஏஆர்பி ஏமாற்று வேலை (மற்ற மெஷின்களிடம் 'நான்தான் ரூட்டர்' என்று பொய் சொல்வது) தெரிந்த ஒரு ஆள் போதும், எல்லார் போக்குவரத்தும் அவன் மெஷின் வழியாகத்தான் போகும்.

2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஃபயர்பாக்ஸுக்கு ஒரு சேர்க்கை வந்தது, ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். எரிக் பட்லர் என்பவர் வெளியிட்டது. அப்போது ஃபேஸ்புக் மாதிரி தளங்கள் லாகின் ஆகும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் பூட்டுப் போடும், அப்புறம் சாதா எச்டிடிபிக்கு இறங்கிவிடும். லாகின் ஆனதற்கு அடையாளமான குக்கீ திறந்தபடியே போகும். அதைப் பிடித்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஃபயர்ஷீப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் அதே வைஃபையில் இருப்பவர்களின் படமும் பெயரும் வரிசையாக வரும், சொடுக்கினால் அவர்கள் கணக்குக்குள் போய்விடலாம். திருட்டு அவ்வளவு சுலபம் என்று உலகத்துக்குக் காட்டத்தான் அவர் வெளியிட்டார்.

ஜிமெயில் அதே வருடம் ஜனவரியிலேயே எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ் என்று மாறியிருந்தது. ஃபேஸ்புக் 2011-இல் விருப்பமாகக் கொடுத்து, 2013-இல்தான் எல்லோருக்கும் என்று ஆக்கியது. நடுவில் இருந்த அந்த வருடங்களில் எங்கள் பிளாக்கில் யார் கணக்கில் யார் புகுந்தார்கள் என்று எத்தனை சண்டை! பாதிக்கப்பட்டது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அக்கம்பக்கத்தில் கேள்வி அவர்களிடம்தான் வந்தது, திருடியவனிடம் போகவில்லை.

---

பழைய_ஸ்க்விட் | ஞாயிறு, காலை 7.05

இழப்பையும் யாராவது எழுத வேண்டும், நான் எழுதுகிறேன்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் சில சென்டர்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவன் நான். 2005 வாக்கில் பிராட்பேண்ட் என்றால் 256 கேபிபிஎஸ். அதை எட்டு மெஷினுக்குப் பிரித்துக் கொடுப்போம். அது ஓடியதற்குக் காரணம் மூலையில் இருந்த ஒரு பழைய பெட்டியில் போட்ட ஸ்க்விட், ஒருமுறை வந்த பக்கத்தைச் சேர்த்து வைத்து (கேஷ்) கொடுக்கும் மென்பொருள். ஒருவர் ரிசல்ட் பக்கத்தைத் திறந்தால் அடுத்தவருக்கு அதே படம், அதே லோகோ எல்லாம் உள்ளேயே இருந்து வரும். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் கூட்டம் வாசல் வரை நிற்கும், லைன் தாங்கும்.

எச்டிடிபிஎஸ் வந்ததும் நடுவில் இருக்கும் எதுவும் பக்கத்தைப் பார்க்க முடியாது, ஆகவே சேர்த்து வைக்கவும் முடியாது. கேஷ் செத்தது. கெட்டவனுக்கு மூடிய கதவு எனக்கும் மூடியது. இன்று ஃபைபர் வந்துவிட்டதால் நமக்கு வலிக்கவில்லை. மெதுவான லைனில் இருக்கும் ஊர்களுக்கு இன்னும் வலிக்கும்.

இன்னொன்று பழைய போன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் (தளம் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி) உள்ள தளங்களை 7.1-க்குக் கீழே உள்ள ஆண்ட்ராய்டு போன்கள் நம்புவதற்கு ஒரு பழைய மூலச் சான்றிதழின் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாகப் போனிலேயே இருப்பது) தயவு இருந்தது. அதை நீட்டித்து நீட்டித்து 2024-இல் நிறுத்திவிட்டார்கள். காசிமேட்டில் அண்ணன் கொடுத்த பழைய போனை வைத்திருக்கும் பையனுக்கு அந்தத் தளங்கள் சிவப்பு எச்சரிக்கையோடுதான் திறக்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் கடைசியில் நிற்பவனைத்தான் வெளியே தள்ளியிருக்கிறோம். நெட்சென்டர் அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார்?

---

சர்வர்ச்செல்வி | ஞாயிறு, காலை 10.30

ஸ்க்விட் சார் சொன்ன கேஷ் இழப்பு உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் நடுவில் ஆள் உட்கார்ந்து பக்கத்தை மாற்றலாம் என்ற வசதியை நல்லவர்கள் மட்டுமா பயன்படுத்தினார்கள்? கொளத்தூரில் எங்கள் வீட்டுக்கு அன்று வந்த லைனில் எந்த எச்டிடிபி பக்கத்தைத் திறந்தாலும் அடியில் ஒரு விளம்பரப் பட்டை ஒட்டிக்கொள்ளும். தளம் வைத்திருப்பவருக்கே அது தெரியாது. ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'சமர்ப்பி' பட்டனையே அது மறைத்துவிட்டது. இணைப்பு கொடுப்பவர் செருகிய வேலை அது. விளம்பரத்தைச் செருக முடிந்தால் வேறு எதையும் செருக முடியும். எச்டிடிபிஎஸ் ரகசியத்தை மட்டும் காப்பதில்லை. அனுப்பியது அனுப்பியபடி வந்து சேருகிறது என்பதும் அதில் அடங்கும். என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரியது. செய்தியோ மருத்துவக் குறிப்போ படிக்கும் பக்கத்தில் ரகசியம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நடுவில் எவனும் ஒரு வரியை மாற்றக்கூடாது.

இது எப்படிப் பரவியது என்பதையும் சொல்கிறேன், நான் அந்த வேலையிலேயே இருந்தவள். நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி எச்டிடிபிஎஸ்ஸின் பூட்டு முறையான எஸ்எஸ்எல்லைக் கொண்டுவந்தது 1995-இல். இருபது வருடம் ஆகியும் இது பெரிய நிறுவனங்களின் பொருளாகவே இருந்தது. சான்றிதழுக்கு வருடா வருடம் ஆயிரக்கணக்கில் ரூபாய். அதற்கு மேல் தளத்துக்குத் தனி ஐபி (சர்வரின் எண் முகவரி) எடுக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரே ஐபியில் பல தளங்களின் சான்றிதழைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு சின்ன அச்சகமோ டியூஷன் சென்டரோ இதற்கெல்லாம் எங்கே போகும்? 'சர்வர் சுமை தாங்காது' என்று வேறு ஒரு பயம். அந்தப் பயம் வெறும் பேச்சு. ஜிமெயிலை முழுக்க மாற்றியபோது பூட்டுப் போடும் வேலைக்கு சிபியுவில் ஒரு சதவீதம் கூட ஆகவில்லை என்று கூகுள் பொறியாளர்களே 2010-இல் எழுதினார்கள்.

2013-இல் அமெரிக்க உளவுத்துறை இணையத்தை ஒட்டுக்கேட்பதைக் காட்டி ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் எல்லோரையும் உலுக்கின. அப்புறம் ஃபயர்பாக்ஸின் மொசில்லா, இணைய உரிமை அமைப்பான இஎஃப்எஃப், மிச்சிகன் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து தொடங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. காசு கிடையாது, காகிதம் கிடையாது, ஒரு கட்டளை தட்டினால் சான்றிதழ். 90 நாள்தான் ஆயுள், ஆனால் மெஷினே புதுப்பித்துக்கொள்ளும். அந்த வாரமே நான் பார்த்துக்கொண்டிருந்த சின்னத் தளங்கள் எல்லாவற்றுக்கும் போட்டுக் கொடுத்தேன், யாரிடமும் ஒரு ரூபாய் கேட்காமல். ஒரு தொழிலில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் எக்கர்ஸ்லி 2022-இல் காலமானார். நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது, தெரிய வேண்டும்.

பிரவுசர்காரர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். 2014-இல் கூகுள் தேடலில் எச்டிடிபிஎஸ் தளத்துக்குச் சின்ன முன்னுரிமை. 2018 ஜூலையில் குரோம் 68 வந்ததும் சாதா எச்டிடிபி தளம் எல்லாவற்றிலும் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை. ஃபயர்பாக்ஸ் கணக்குப்படி 2017 ஜனவரியில்தான் திறக்கப்படும் பக்கங்களில் பாதி எச்டிடிபிஎஸ் ஆனது. 2020 தொடக்கத்தில் உலக அளவில் 81 சதவீதம். மூன்றே வருடம்!

பழைய போன் விஷயத்தில் ஸ்க்விட் சார் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் குற்றம் பூட்டின் மேல் இல்லை. விற்ற இரண்டாம் வருடமே அப்டேட்டை நிறுத்திவிடும் போன் கம்பெனிகளைக் கேளுங்கள்.

---

பழைய_ஸ்க்விட் | ஞாயிறு, காலை 11.10

விளம்பரப் பட்டை விஷயம் சரிதான் செல்வி. அதை என் கஸ்டமர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் போன் கம்பெனியைக் கேளுங்கள் என்பது அந்தப் பையனுக்குப் பதில் ஆகாது. அவனுக்கு ஸ்காலர்ஷிப் பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

ஹார்பர்_மணி | ஞாயிறு, மதியம் 1.20

நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். எண்ணூர் ஹைரோட்டில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட போல்ட் சீல் இருக்கும். சீல் உடையாமல் வந்தால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே இருப்பது நல்ல சரக்கா, போலிச் சரக்கா என்று சீல் சொல்லாது. இந்த எச்டிடிபிஎஸ் பூட்டும் அப்படித்தானே?

---

சர்வர்ச்செல்வி | ஞாயிறு, மதியம் 1.45

திருத்த ஒன்றும் இல்லை மணி சார். யார் பெயருக்கு அனுப்பினோமோ அந்தப் பெயருக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்பதையும் அது உறுதி செய்யும், அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே போலியாக இருந்தால் அது உங்கள் பாடு.

---

தண்டையார்பேட்டை_நெட்சென்டர் | ஞாயிறு, மாலை 4.00

மணி சொன்னதுதான் இன்று என் சென்டரில் தினசரிப் பிரச்சினை. 'இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று மெசேஜ் வரும், லிங்கைத் தட்டினால் மின்வாரியம் மாதிரியே ஒரு பக்கம். அதிலும் பூட்டு இருக்கும். நாமே வருடக்கணக்காக 'பூட்டு இருக்கிறதா பார்' என்று சொல்லிக்கொடுத்தோம், மோசடிக்காரனும் இலவசமாக அதே பூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். அதனால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது என்று படித்தேன். இப்போது நான் வருகிறவர்களிடம் சொல்வது: பூட்டைப் பார்க்காதீர்கள், பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மெசேஜில் வந்த லிங்க் எதையும் தொடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டுங்கள்.

ஸ்க்விட் அண்ணன் கேட்டதற்கு என் பதில்: அந்தப் பையன் இங்கே வரட்டும், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு நான் காசு வாங்குவதில்லை. ஊர் முழுக்க இது தீர்வாகாது என்று தெரியும். ஆனால் அவனுடைய ஆதார் நம்பரும் வங்கிக் கணக்கும் பழையபடி திறந்த கம்பியில் போக வேண்டும் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

வியாசை_மாணவன் | ஞாயிறு, இரவு 8.50

எங்கள் காலேஜில் வைஃபை வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் ஃபைலை போனில் இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். செய்தால்தான் நெட் வரும். எல்லோரும் செய்துவிட்டோம். இதில் பிரச்சினை இருக்கிறதா அக்கா?

---

சர்வர்ச்செல்வி | ஞாயிறு, இரவு 9.30

இருக்கிறது தம்பி, பெரிய பிரச்சினை. அது மூலச் சான்றிதழாக இருந்தால், எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் தயாரிக்கும் அதிகாரத்தை காலேஜின் ஃபயர்வாலுக்கு (நெட் போக்குவரத்தை நடுவில் நின்று வடிகட்டும் பெட்டி) உங்கள் போன் கொடுத்துவிட்டது. அது பூட்டைத் திறந்து, படித்து, மறுபடி பூட்டி அனுப்பும். குறிப்பாக லேப்டாப் பிரவுசரில் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. ஆண்ட்ராய்டு 7-க்குப் பிறகு பெரும்பாலான ஆப்கள் இப்படிக் கையால் சேர்த்த சான்றிதழை நம்புவதில்லை, அது ஒரு ஆறுதல். பிரவுசர் நம்பும்.

இப்படிப்பட்ட பெட்டிகளின் தரம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. 2012-இல் டோர் (அடையாளத்தை மறைத்து நெட் பார்க்க உதவும் அமைப்பு) ஆய்வாளர்கள் சைபரோம் என்ற இந்தியக் கம்பெனியின் பெட்டிகளைப் பார்த்தபோது எல்லாப் பெட்டியிலும் ஒரே தனிச்சாவி இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து சாவியை எடுத்தவன் அதே கம்பெனிப் பெட்டி உள்ள எந்த இடத்திலும் ஒட்டுக்கேட்கலாம் என்ற நிலை. 2014 ஜூலையில் இன்னொன்று: மத்திய அரசின் தகவல் மையமான என்ஐசியின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. கூகுள் கண்டுபிடித்துச் சொன்னது, அவற்றைக் கொடுக்கப் பயன்பட்ட இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து ஆயின. கஜகஸ்தானில் அரசாங்கமே மக்கள் போனில் இப்படி ஒரு மூலச் சான்றிதழைப் போடச் சொன்னபோது, 2019-இல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் அதை நம்ப மறுத்தன. காலேஜ் விஷயத்தில் அப்படி யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள்.

செட்டிங்ஸில் 'நம்பகமான சான்றிதழ்கள்' என்ற இடத்தில் 'பயனர்' பகுதியைப் பாருங்கள், அங்கே இருப்பதை நீக்கிவிடுங்கள். வங்கி, மெயில் எல்லாவற்றுக்கும் சொந்த டேட்டா. வேறு வழியில்லாமல் பாடத்துக்கு அந்த வைஃபை வேண்டுமென்றால் தனியாக ஒரு பழைய போன்.

---

ராயபுரம்_சேது | ஞாயிறு, இரவு 10.05

தளத்தின் பெயர் மட்டும் இன்னும் வெளியே தெரிகிறது என்று அண்ணன் முதலிலேயே சொன்னார். அது சின்ன விஷயம் இல்லை. இணைப்பு தொடங்கும்போது எஸ்என்ஐ என்ற இடத்தில் பெயர் திறந்தபடி போகிறது, டிஎன்எஸ் கேள்வியிலும் (தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்பது) போகிறது. ஒரு பெண் குடும்ப வன்முறை உதவித் தளத்தைத் திறந்தாள் என்று தெரிந்தால் போதாதா, எந்தப் பக்கம் படித்தாள் என்று வேறு தெரிய வேண்டுமா? இந்தியாவில் சில தளங்களைத் தடுப்பதும் இந்தப் பெயரைப் பார்த்துத்தான்.

டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் முறை 2018-லேயே தரமாகிவிட்டது, பிரவுசர் செட்டிங்ஸில் இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள். எஸ்என்ஐயை மறைக்கும் வசதி குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் 2023-இல் வந்தது, ஆனால் தளமும் ஒத்துழைத்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலான தளங்கள் இன்னும் ஒத்துழைப்பதில்லை.

---

தண்டையார்பேட்டை_நெட்சென்டர் | திங்கள், காலை 8.30

சேது சொன்ன டிஎன்எஸ் செட்டிங்கை எல்லா மெஷினிலும் போட்டுவிட்டேன். சென்டர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து போன பிறகு நம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் பழைய மெஷின்களில் ஒரு தளமும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் சான்றிதழ் எச்சரிக்கை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நாணயம் மாதிரி இருக்கும் அந்தப் பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் போதும். இதைத் தெரியாமல் 'வைரஸ்' என்று சொல்லி மெஷினை ஃபார்மட் செய்து காசு வாங்கியவர்கள் உண்டு.

---

எம்சிரோடு_ஜவுளி | திங்கள், மதியம் 12.40

அவசரம். எங்கள் மொத்த வியாபாரத் தளத்தைத் திறந்தால் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று வருகிறது. திருப்பூர், ஆந்திரா வியாபாரிகள் எல்லாம் போன் போடுகிறார்கள், தளத்தை ஹேக் செய்துவிட்டார்களா என்று. செல்வி அக்கா சொன்ன அதே இலவசச் சான்றிதழ்தான். தானாகப் புதுப்பிக்கும் என்றுதானே சொன்னார்கள்? மெயில் கூட வரவில்லை.

---

சர்வர்ச்செல்வி | திங்கள், மதியம் 12.55

பதற வேண்டாம், ஹேக் இல்லை. காலாவதி. எச்சரிக்கை மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்கிரிப்ட்காரர்கள் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள், அதை நம்பி இருக்கக்கூடாது. சமீபத்தில் சர்வரில் யாராவது ஃபயர்வாலை மாற்றினார்களா?

---

எம்சிரோடு_ஜவுளி | திங்கள், மதியம் 1.10

ஆமாம். புதிதாக வந்த பையன் 'எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆன பிறகு 80 எதற்கு' என்று 80-ஆம் போர்ட்டை (சாதா எச்டிடிபி வரும் வாசல்) மூடினான்.

---

சர்வர்ச்செல்வி | திங்கள், மதியம் 1.20

அதுதான். தளம் உங்களுடையதுதானா என்று சோதிக்க அவர்கள் ஒரு சின்ன ஃபைலை உங்கள் சர்வரில் வைக்கச் சொல்லி, 80-ஆம் போர்ட் வழியாக வந்து எடுத்துப் பார்ப்பார்கள். அது மூடியிருந்தால் புதுப்பித்தல் தோற்கும். 30 நாள் மிச்சம் இருக்கும்போதே முயற்சி தொடங்கியிருக்கும், தினமும் தோற்றிருக்கும், லாக்கில் (சர்வரின் பதிவு ஃபைலில்) எல்லாம் இருக்கும்.

80-ஐத் திறந்து, அதில் வருவதை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் வரியை மட்டும் வையுங்கள். வெளிநாட்டு ஐபிகளைத் தடுத்திருந்தால் அதையும் எடுங்கள், சோதனை பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும். பிறகு சான்றிதழைப் புதுப்பிக்கும் மென்பொருளான சர்ட்பாட்டில் ஒத்திகையாக ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள், அது தேறினால் நிஜமாகச் செய்து வெப் சர்வரை ரீலோட் செய்யுங்கள். கடைசிப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். புதுச் சான்றிதழ் டிஸ்கில் இருக்கும், சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

---

எம்சிரோடு_ஜவுளி | திங்கள், மதியம் 2.35

வந்துவிட்டது அக்கா! ஒத்திகை தேறியது, ரீலோட் செய்ததும் திறக்கிறது. விஜயவாடா பார்ட்டி இப்போதுதான் ஆர்டர் போட்டார். காசு கொடுத்து ஒரு வருடச் சான்றிதழ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

---

சர்வர்ச்செல்வி | திங்கள், மாலை 3.00

அந்தக் காலம் முடிகிறது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் சேர்த்து 2026 மார்ச் 15 முதல் உச்சவரம்பு 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று சான்றிதழ் தருபவர்களும் பிரவுசர்காரர்களும் 2025 ஏப்ரலில் முடிவு செய்துவிட்டார்கள். கையால் புதுப்பிக்கிற வேலையே இனி நடக்காது. தளத்தின் சான்றிதழ் தேதியை வெளியிலிருந்து தினமும் பார்த்து, 20 நாளுக்குக் குறைந்தால் போனுக்கு மெசேஜ் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்று ராத்திரி இங்கேயே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைத் திட்டாதீர்கள், லாக்கை எங்கே பார்ப்பது என்று அவனுக்கே காட்டிக்கொடுங்கள்.